இரத்தம் இனிப்பெண்டு நுளம்புக்கு எப்படித் தெரியும்?

நல்லூர்த் திருவிழா பார்க்கவென்று ரொறன்ரோவிலிருந்து தம்பி குடும்பம் வந்து எங்கள் வீட்டில் நின்றது. மூன்றாம் நாள் காலை அவனுடைய மகள், பன்னிரண்டு வயது, குசினி வாசலில் வந்து நின்று காலை நீட்டிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே பதினேழு தடிப்பு. ஒவ்வொன்றும் ரூபாய்க் குற்றி அளவு, சிவந்து, தொட்டால் சுட்டது. அதே அறையில் அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்த என் மகனின் காலில் ஒன்றுகூட இல்லை.

அம்மா தேங்காய் திருவியபடியே தீர்ப்புச் சொன்னார். "பிள்ளைக்கு இரத்தம் இனிப்பு. அதுதான் நுளம்பு விடுகுதில்லை."

தம்பிக்கும் இரண்டு முழங்கையிலும் வீக்கம். அவன் வேறு கட்சி. "அம்மா, நான் இஞ்ச இருக்கேக்க ஒருநாளும் உப்பிடி வீங்கினதில்லை. இருவது வருசத்தில நுளம்புதான் பழுதாப் போச்சு."

யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் ஒவ்வொரு ஆவணியிலும் இந்த வழக்கு நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சொறிவார்கள், ஊரில் இருப்பவர்கள் காரணம் சொல்வார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை. சொல்லும் காரணம்தான் பிழை. அன்று அம்மா இன்னொன்றும் சொன்னார்: "என்னை ஒருநாளும் நுளம்பு கடிக்கிறதில்லை." சோதித்துப் பார்க்கச் சுலபமானது அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்றிரவு எட்டு மணியிருக்கும். அம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் ரோச் லைட்டோடு நிலத்தில் குந்தினேன். கன நேரம் காத்திருக்க வேண்டி வரவில்லை. மண்ணிற நுளம்பு ஒன்று அம்மாவின் கெண்டைக்காலில் இறங்கியது. இரண்டடி நடந்தது, நின்றது, பின்னங்கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது. ஊசியின் வெளியுறை வில்லாக வளைய, உள்ளே இருந்த மெல்லிய நார் மட்டும் தோலுக்குள் இறங்கியது. வயிறு முதலில் இளஞ்சிவப்பு, பிறகு மாதுளை முத்து நிறம். ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதன்பின் பாரம் தாங்காமல் தாழப் பறந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"அம்மா, இப்ப ஒரு நுளம்பு உங்கட காலில வயிறு நிறையக் குடிச்சிட்டுப் போகுது."

"சும்மா சொல்லாத."

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தோம். ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி ஒன்று, அவ்வளவுதான். காலையில் அதுவும் இல்லை. (டெங்கு நடமாடும் மாரி காலத்தில் யாரும் இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம். நான் செய்ததும் புத்தியான வேலையில்லை.)

ஆக, "கடிக்கிறது" என்று நாங்கள் ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வேறு சங்கதிகளை. நுளம்பு யாரிடம் போகிறது என்பது ஒன்று. கடித்த பிறகு யாருடைய தோல் வீங்குகிறது என்பது இன்னொன்று. முன்னது நுளம்பின் தெரிவு. பின்னது எங்கள் உடம்பின் குணம்.

பின்னதை முதலில் முடித்துவிடுவோம். நுளம்பின் ஊசி என்பது ஒற்றை ஊசியல்ல, ஆறு நுண்ணிய கருவிகளின் கட்டு. சில தோலை அறுக்கும், ஒன்று இரத்தத்தை உறிஞ்சும், ஒன்று எச்சிலை உள்ளே விடும். இரத்தம் உறையாமலும் குழாய் சுருங்காமலும் வைத்திருக்கும் பொருட்கள் அந்த எச்சிலில் இருக்கின்றன. வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்குவது ஊசி குத்தியது அல்ல. அந்த அந்நியப் புரதத்தைக் கண்டு எங்கள் உடம்பு ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை அவிழ்த்துவிடுவதுதான். இந்த எதிர்ப்பு வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. கெனத் மெலன்பி என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1946இல் இதைப் படிப்படியாக விவரித்தார். ஓர் இன நுளம்பு வாழ்க்கையில் முதன்முதல் கடிக்கும்போது தோலில் ஒன்றுமே தெரியாது. சில கடிகளுக்குப் பிறகு, கடித்து ஒரு நாள் கழித்து அரிப்போடு கட்டி வரும். அடுத்த கட்டத்தில் கடித்த உடனே தடிப்பு, மறுநாள் கட்டி, இரண்டும். பிறகு உடனடித் தடிப்பு மட்டும். தொடர்ந்து கடிபட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் மறுபடியும் ஒன்றுமே இல்லாத நிலை.

எழுபது வருடமாக யாழ்ப்பாணத்து நுளம்புக்கு இரத்ததானம் செய்துவரும் அம்மா அந்தக் கடைசிப் படியில் இருக்கிறார். பேத்தி நடுப்படியில். கனடாவில் நுளம்பு இல்லையா என்றால் தாராளமாக உண்டு, ஆனால் அங்குள்ளவை பெரும்பாலும் வேறு இனங்கள், எச்சிலும் வேறு. தம்பி இங்கே வளர்ந்தபோது ஏறிய படிகளில் இருபது வருடத்தில் திரும்பக் கீழே இறங்கிவிட்டான். கடி நின்றால் அந்தச் சகிப்பும் மெல்ல மெல்லத் தளரும். நுளம்பு பழுதாகவில்லை, அவனுடைய தோல்தான் ஊரை மறந்திருக்கிறது.

ஆனால் இதோடு கதை முடிவதில்லை. வீக்கத்தை விட்டுவிட்டு வந்து இறங்கும் நுளம்புகளை எண்ணினாலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அது ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

இரத்தம் குடிப்பது பெண் நுளம்பு மட்டும்தான், அதுவும் முட்டைக்காக. பறக்கத் தேவையான சக்தியை ஆணும் பெண்ணும் பூந்தேனிலும் செடிச்சாற்றிலும் எடுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் பெண் தேடுவது புரதம். இனிப்பு வேண்டுமென்றால் அது செவ்வரத்தம் பூவுக்குப் போயிருக்கும். அதைவிட முக்கியம், ஊசி உள்ளே போகும்வரை உங்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று நுளம்புக்குத் தெரிய வழியே இல்லை. ஊசிமுனையில் ருசி பார்க்கும் நரம்புகள் உண்டு, இரத்தத்திலுள்ள சீனியையும் உப்பையும் அவை உணர்கின்றன. ஆனால் அது சாப்பாட்டு மேசையில் இருந்தபின் நடக்கிற காரியம். எந்த வீட்டுக்குப் போவதென்று முன்னமே முடிவாகிவிட்டது. நான் அம்மாவுக்கு இதை வேறு விதமாகச் சொன்னேன்: "இரத்தத்தில சீனி கூடின ஆள் இந்த வீட்டில நீங்கதான். காலமையும் பின்னேரமும் மெற்போமின் குளிசை போடுறீங்கள். அப்ப நுளம்பு முழுக்க உங்களிட்ட எல்லோ வரவேணும்?" அம்மா தேங்காய்ப்பூவை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அப்படியென்றால் எதை வைத்துத் தெரிவு செய்கிறது? தூரத்திலிருந்து வருவோம். நாங்கள் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் காபனீரொட்சைட்டு. சாதாரண காற்றில் இருப்பதைப்போல் நூறு மடங்கு. வாய்ப்பகுதியை ஒட்டியிருக்கும் ஒரு சோடி உணர்கொம்புகளால் நுளம்பு அந்த மூச்சின் நூலைப் பிடிக்கிறது, சில வேளை 50 மீற்றர் தொலைவிலிருந்தும். கேற்றடியில் நிற்கும் நுளம்புக்கு, பின்வளவில் கிணற்றடியில் ஆள் நிற்பது மூச்சால் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நூலைப் பிடித்து காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து வருகிறது. காபனீரொட்சைட்டு மணத்ததும் அதற்குக் கண்ணும் கூர்மையாகிறது. வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2022இல், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் இன நுளம்புகளை வைத்துப் பார்த்தபோது, அந்த வாயு பட்டபின் அவை சிவப்பு, செம்மஞ்சள், கறுப்பு, பச்சை கலந்த இளநீலம் ஆகிய நிறங்களை நோக்கிப் பறந்தன. வெள்ளையையும் பச்சையையும் ஊதாவையும் பொருட்படுத்தவில்லை. வாயு இல்லாதபோது எந்த நிறத்தையும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வெள்ளை வேட்டியோடு தேருக்குப் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல். கொஞ்சம்தான், ஏனென்றால் மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் செம்மஞ்சளும் நிறையவே இருக்கிறது. மேலுக்கு ஒன்றும் போடாமல் சாரத்தோடு திரிகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

பக்கத்தில் வந்தபின் உடற்சூடும் ஈரப்பதனும். 70 சென்ரிமீற்றர் அளவு தூரத்திலிருந்தே தோல் வீசும் அகச்சிவப்புக் கதிரை ஈடிஸ் உணர்கிறதென்று 2024இல் காட்டினார்கள்.

மூச்சு எல்லோரும் விடுகிறோம், சூடு எல்லோருக்கும் உண்டு. பருத்த ஆள் கூட மூச்சு விடுவார், சைக்கிள் மிதித்துக் களைத்து வந்தவர் கூட விடுவார். ஆனால் ஒரே அறையில் படுத்த இருவருக்கிடையில் பத்து மடங்கு வித்தியாசத்தை அதைக் கொண்டு விளக்க முடியாது. அந்த இடத்தில் தோலின் மணம் வருகிறது. என் பார்வையில் முழு விசயமும் அங்கேதான் இருக்கிறது.

தோல் என்பது வெறும் தோல் இல்லை, அது ஒரு குடியிருப்பு. கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் அங்கே வியர்வையையும் தோலெண்ணெயையும் தின்று, அவற்றை உடைத்து, மணக்கும் அமிலங்களாக வெளிவிடுகின்றன. புதிய வியர்வைக்கு மணம் அநேகமாக இல்லை. கழற்றிப்போட்ட பள்ளிக்கூடச் சப்பாத்தின் மணம் பற்றீரியாவின் கைவேலை. யாருடைய தோலில் எந்தப் பற்றீரியா எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. வியர்வையிலும் எண்ணெயிலும் என்ன சுரக்கிறது என்பதும் வேறு. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி மணம். எங்களுடைய மூக்குக்கு அது தெரியாது. நாய்க்குத் தெரியும், நுளம்புக்கும் தெரியும்.

இதை அழகாகச் சோதித்தவர்கள் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வொஷலின் குழுவினர். 64 பேரிடம் நைலோன் காலுறைகளைக் கொடுத்து, ஒரு நாளில் ஆறு மணி நேரம் முழங்கைக்குக் கீழே அணியச் சொன்னார்கள். பிறகு அந்த நைலோனைத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பேருடைய துண்டுகளை இரண்டு பொறிகளில் வைத்து, நடுவில் ஈடிஸ் நுளம்புகளைத் திறந்துவிட்டார்கள். ஆள் இல்லை, மூச்சு இல்லை, சூடு இல்லை, இரத்தக் குழுவும் இல்லை. உள்ளது மணம் மட்டும். இருவர் இருவராகச் சோடி மாற்றிப் போட்டி நடத்தினார்கள், கிட்டத்தட்டக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி மாதிரி. 33ஆம் இலக்கக்காரர் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. கடைசியில் நின்றவரோடு ஒப்பிட்டால் அவருடைய துண்டுக்கு நூறு மடங்குக்கு மேல் ஈர்ப்பு. அந்த மணத்தைப் பகுத்துப் பார்த்தபோது, நுளம்பு விரும்பிய ஆட்களின் தோலில் காபொட்சிலிக் அமிலங்கள் மிக அதிகம். தோலெண்ணெயிலிருந்து பிறப்பவை இவை, தோலுக்கு ஈரம் காப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. 2022இல் வந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொரு சங்கதி: வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சோதித்தும் அந்தத் தரவரிசை பெரிதாக மாறவில்லை. இடையில் அவர்கள் சாப்பாட்டை மாற்றியிருப்பார்கள், சவர்க்காரத்தை மாற்றியிருப்பார்கள். நுளம்பின் காந்தம் காந்தமாகவே இருந்தது.

அடுத்த வருடம் சம்பியாவில், மாச்சா என்ற ஊரில், இதையே பெரிதாகச் செய்தார்கள். திறந்தவெளியில் வலைக்கூடு ஒன்று, அதைச் சுற்றித் தனித்தனிக் கூடாரங்களில் ஆறு பேர் நித்திரை. கூடாரத்துக் காற்றைக் குழாய் வழியே கூட்டுக்குள் விட்டு, மலேரியா பரப்பும் அனோபிலிஸ் எந்தக் குழாய் வாசலுக்குப் போகிறதென்று இரவிரவாகப் பார்த்தார்கள். இங்கேயும் காபொட்சிலிக் அமிலங்கள் கூடியவர்களிடம் கூட்டம் கூடியது. நுளம்பு அதிகம் தேடாத ஒருவரின் மணத்தில் அந்த அமிலங்கள் குறைவு, யூக்கலிப்டஸ் எண்ணெயில் இருக்கும் ஒரு மணப்பொருள் அதிகம்.

மணம் எங்கிருந்து வருகிறது, பிறப்பிலா வளர்ப்பிலா? இலண்டனில் 2015இல் இரட்டையர்களை வைத்துப் பார்த்தார்கள். 18 சோடி ஒத்த இரட்டையர், 19 சோடி ஒவ்வாத இரட்டையர். ஒத்த இரட்டையரில் ஒருவரை நுளம்பு விரும்பினால் மற்றவரையும் அதே அளவுக்கு விரும்பியது. ஒவ்வாத இரட்டையரில் அந்தப் பொருத்தம் குறைவு. உயரம் எவ்வளவுக்குப் பரம்பரையோ அந்த அளவுக்கு இதுவும் பரம்பரை என்பது அவர்கள் கணக்கு. ஆகவே "உங்கட அப்பான்ர குடும்பமே நுளம்புக்குப் பிடிச்ச குடும்பம்" என்று ஒரு மாமியார் சொன்னால் அதைச் சண்டையாக எடுக்க வேண்டியதில்லை.

இரத்தக் குழுவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஓ குழுக்காரரை நுளம்பு கூடத் தேடுமென்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது 2004இல் ஜப்பானில் 64 பேரோடு செய்த ஒரு சோதனை. ஓ குழுவினரின் மேல் ஏ குழுவினரைவிட அதிக நுளம்பு இறங்கியது உண்மைதான். ஆனால் தங்கள் இரத்தக் குழுவின் அடையாளப் பொருளை உமிழ்நீரிலும் வியர்வையிலும் சுரப்பவர்களிடம் மட்டும்தான் அது தெளிவாகத் தெரிந்தது. பிற ஆய்வுகளின் முடிவு முன்பின் முரண். தோல் வழியே வெளியில் வரும் ஒரு தடயம் இல்லாமல் உள்ளே ஓடும் குழுவை நுளம்பு அறிய முடியாது என்ற பழைய நியாயம் இங்கேயும் நிற்கிறது. எங்கள் வீட்டில் ஓ குழு நான். கடியில் எனக்கு இடம் மூன்றாவதோ நாலாவதோ.

கர்ப்பிணிகள் விசயம் அப்படிச் சந்தேகத்துக்குரியதல்ல. காம்பியாவில் 2000ஆம் ஆண்டு பார்த்ததில், கர்ப்பிணிகளிடம் மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு அனோபிலிஸ் வந்தது. அவர்கள் 21 சதவீதம் அதிக மூச்சு விட்டார்கள், வயிற்றுத் தோல் 0.7 பாகை கூடச் சூடு. மதுவும் சேர்த்திதான். புர்க்கினா பாசோவில் இறுங்கில் காய்ச்சும் உள்ளூர் பியரைக் குடித்தவர்களிடம் நுளம்பு கூடப் போனது, தண்ணீர் குடித்தவர்களிடம் அப்படி ஒரு மாற்றமும் இல்லை. தவறணையடியில் மாலையில் ஏன் அவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அது மட்டும் காரணமென்று நான் சொல்லவில்லை. உள்ளி தின்றால் நுளம்பு அண்டாது, விற்றமின் பி1 குளிசை போட்டால் அண்டாது என்பவை சோதனையில் நிற்கவில்லை. உள்ளி கறிக்கு நல்லது.

காய்ச்சல்காரரைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். டெங்கு வைரஸ் உடம்புக்குள் வந்தால் தோலில் பற்றீரியாவை அடக்கிவைக்கும் ஒரு புரதம் குறைகிறது. அதனால் சில பற்றீரியாக்கள் பெருகி, நுளம்புக்குப் பிடித்த ஒரு மணப்பொருளைக் கூடுதலாக வெளிவிடுகின்றன. 2022இல் எலிகளில் இதை முழுமையாகக் காட்டினார்கள், டெங்கு நோயாளரின் உடல்மணத்திலும் அதே பொருள் கூடியிருந்தது. அதாவது வைரஸ் தன்னை அடுத்த ஆளிடம் கொண்டுபோக நுளம்பைக் கைதட்டிக் கூப்பிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீடுகளில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவரைத் தனி அறையில் விடுகிறோம், கஞ்சி கொடுக்கிறோம், இரவில் வலை கட்டுகிறோம். ஆனால் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் பகல்காரி. விடிந்த பிறகும் பொழுது படுவதற்கு முன்னும்தான் அவளுடைய நேரம். வலையை விடியக் கழற்றி மடித்து வைப்பது, திருடன் வரும் நேரம் பார்த்துக் கதவைத் திறப்பது போன்றது. காய்ச்சல்காரரின் வலை பகலில்தான் கட்டாயம் தொங்கவேண்டும்.

யார் கடிக்கிறாள் என்பதும் கணக்கில் வரும். பேத்தியின் காலைப் பதம் பார்த்தது பெரும்பாலும் கியூலெக்ஸ். வடிகானிலும் மலசலகூடக் குழியிலும் பெருகி இரவில் வருவது. கோழிக்கூட்டுக்குள்ளும் போய்க் குடிக்கும், அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஈடிஸ் ஈஜிப்தி அப்படியல்ல, மனிதரைத் தவிர மற்றதெல்லாம் அதற்கு இரண்டாந்தரம். அந்த ஆசை எப்படி வந்ததென்று 2020இல் வந்த ஓர் ஆய்வு ஆபிரிக்காவில் 27 இடங்களிலிருந்து முட்டைகளைச் சேகரித்து வளர்த்துப் பார்த்தது. நீண்ட, கடுமையான வரட்சி உள்ள இடங்களிலும், சனம் நெருங்கிய நகரங்களிலும் இருந்து வந்தவைதான் மனித மணத்தை அதிகம் நாடின. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் இருப்பது மனிதரின் தொட்டியிலும் குடத்திலும் மட்டும். முட்டையிட இடம் தேடி வந்தவள் அங்கேயே சாப்பாட்டையும் கண்டாள். ஆறில்லாத, வைகாசியிலிருந்து புரட்டாதிவரை வானம் பார்க்கும் எங்கள் குடாநாட்டுக்கு இந்தக் கதை அந்நியமாகவா இருக்கிறது? தொட்டி, வாளி, பூச்சாடித் தட்டு, சிரட்டை, யோக்கட் கோப்பை என்று நாங்கள் வைத்துக் கொடுக்கிறோம். போதாததற்கு, யாழ் நகரத்து உவர்நீர்க் கிணறுகளிலும் ஈடிஸ் புழு வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறை ஆய்வாளர்கள் 2012இல் எடுத்துக் காட்டினார்கள். நல்ல தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு என்று பாடம் படித்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

மணம் பிறவியோடு வந்தது என்றால் செய்ய ஒன்றுமில்லையா? இருக்கிறது, மணத்தை மாற்றாமலே. என் மகனின் காலில் ஏன் ஒன்றுமில்லை என்பதை அடுத்த நாள் இரவு போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரன் என்ற உரிமையில் நிலத்து ஃபானுக்கு நேரே தன் பாயை விரித்திருந்தான். ஒன்றுவிட்ட தங்கச்சிக்குக் காற்றின் ஓரம்கூடக் கிடைக்கவில்லை. நுளம்பு மிக மெதுவாகப் பறக்கும் பிராணி, சாதாரண ஃபான் காற்றை எதிர்த்து வர அதனால் முடியாது. தவிர அந்தக் காற்று மூச்சின் நூலையும் அறுத்துச் சிதறடிக்கிறது. பாய்களை இடம் மாற்றினேன். மறுநாள் காலை மகனின் காலிலும் புள்ளிகள். அவனுடைய தோலும் வீங்காத தோல்தான், ஆனால் கடிபடாத தோல் இல்லை.

பூசுமருந்தில் டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டி உள்ளவை இன்றும் நம்பத்தக்கவை. 1940களில் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கியது அது. நுளம்பு காலால் தொட்டவுடனேயே அதை உணர்ந்து விலகுகிறது. ஆகவே பூசாமல் விட்ட நாலு விரல் இடத்தில் தாராளமாகக் கடிக்கும், கணுக்காலை மறந்துவிட்டுக் "கிறீம் வேலை செய்யேல்லை" என்பதில் பயனில்லை. சிற்றொனெல்லா எண்ணெய் வேலை செய்யும், கொஞ்ச நேரம். சவர்க்காரத்தின் மணமும் ஈர்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறதென்று 2023இல் அமெரிக்காவில் ஒரு சிறு சோதனை சொன்னது. அதில் தேங்காய் மணமுள்ள ஒன்று நுளம்பைக் கொஞ்சம் விலக்கியது. சோதித்தது நான்கு பேரில் மட்டும். தேங்காயெண்ணெய் வியாபாரிகள் அவசரப்படக் கூடாது.

கையால் அடிப்பதும் வீணில்லை, தவறினாலும்கூட. ஒரு மணத்தோடு சேர்த்து அதிர்வையும் அனுபவித்த ஈடிஸ், அந்த மணத்தை நினைவில் வைத்து அடுத்த நாள்கூட ஒதுங்கிப் போகிறதென்று 2018இல் காட்டினார்கள். அடிக்கிற ஆளை விட்டு அடிக்காத ஆளிடம் போகும். அந்த வகையில் எங்கள் விறாந்தையில் அசையாமல் சாய்ந்திருப்பவர் ஒரே ஒருவர்தான்.

தம்பி குடும்பம் போவதற்கு முதல் நாள் இரவு அம்மா பேத்திக்கு வலை கட்டினார். நாலு மூலையும் இழுத்து, ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகி, ஒரு ஓட்டையைப் பஞ்சால் அடைத்து, அரை மணி நேர வேலை. "உங்களுக்கு, அப்பம்மா?" என்று பிள்ளை கேட்டாள்.

"எனக்கு வேண்டாம் ராசாத்தி. என்னைக் கடிக்கிறதில்லை."

பிள்ளை வலைக்குள்ளிருந்து வெளியே வந்து, மேசையில் இருந்த ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு, அம்மாவின் காலடியில் குந்தினாள்.

"அப்பம்மா, அசையாதேங்கோ."